ஆறு மணி நேர வகுப்புக்கு மூணே கிரெடிட்டா?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி, கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்தவர்களும் அவர்களைச் சேர்த்துவிட்டவர்களும் அனுப்பியவை. கிரெடிட் என்றால் என்ன, எந்தப் பேப்பரை எடுப்பது, எடுத்ததை மாற்ற முடியுமா என்று சுற்றிச் சுற்றி அதேதான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும்.

கே: பி.எஸ்சி. கணிதம் முதல் செமஸ்டர் படிக்கிறேன். தமிழுக்கு வாரம் 6 மணி நேரம் வகுப்பு, ஆனால் 3 கிரெடிட்தான். கோர் பேப்பருக்கு 5 மணி நேரம்தான், அதற்கு 5 கிரெடிட். அப்படியென்றால் இந்தக் கிரெடிட் எதைத்தான் அளக்கிறது? சீனியர் அக்காவிடம் கேட்டால் "அதெல்லாம் கண்டுக்காத, பாஸ் ஆனா போதும்" என்கிறார்.
- மாணவி, விருதுநகர்

ப: பாஸ் ஆக வேண்டும் என்று அக்கா சொன்னது சரி. கண்டுகொள்ளாதே என்றது தப்பு. கிரெடிட் என்பது அந்தப் பேப்பரின் எடை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வைத்திருக்கும் பழைய கணக்குப்படி, ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் 1 மணி நேரம் விரிவுரையோ டுட்டோரியலோ நடந்தால் அது 1 கிரெடிட், செய்முறை என்றால் வாரம் 2 மணி நேரத்துக்குத்தான் 1 கிரெடிட். 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு இதையே வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. வகுப்பில் உட்காருவது, அறைக்குப் போய்ப் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 30 மணி நேரம் உழைத்தால் 1 கிரெடிட். வருடத்துக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட்.

இரண்டாவது கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் 5 கிரெடிட் கோர் பேப்பர் அந்தக் கணக்கில் 150 மணி நேரம். வாரம் 5 மணி நேரம் வீதம் 15 வாரத்துக்கு வகுப்பறையில் கழிவது 75. மீதி 75 மணி நேரம் நீங்கள் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய நேரம், அது எந்த டைம் டேபிளிலும் இருக்காது, யாரும் மணி அடித்துக் கூப்பிடவும் மாட்டார்கள். முதல் செமஸ்டரில் கோர் பேப்பரில் அரியர் வைப்பவர்கள் பலர் வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்கள்தான். அந்த இரண்டாவது 75-ஐத்தான் விட்டிருப்பார்கள்.

சரி, தமிழுக்கு ஏன் 6 மணி நேரமும் 3 கிரெடிட்டும்? நம் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் இப்படி இருக்கும்: தமிழ் 3, ஆங்கிலம் 3, கோர் இரண்டுக்கும் ஐந்தைந்து, எலெக்டிவ் 3, என்.எம்.இ. என்கிற வேற்றுத்துறைத் தாள் 2, அடித்தளத் தாள் 2. மொத்தம் 23 கிரெடிட், வாரம் 30 மணி நேரம். அதாவது மணி நேரத்துக்கும் கிரெடிட்டுக்கும் நேர் விகிதம் இங்கே கிடையாது. மொழிப் பாடத்துக்கு நேரத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு எடையைக் குறைத்தது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. அப்படி எடை போட்டதால்தான் பிள்ளைகள் தமிழ் வகுப்பைத் தூங்கும் நேரமாக நினைக்கிறார்கள். ஆனால் அதை மாற்றுவது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

இந்த எடை எங்கே வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பகுதி ஒன்று (தமிழ் அல்லது அதற்குப் பதிலாக எடுக்கும் மொழி), பகுதி இரண்டு (ஆங்கிலம்), பகுதி மூன்று என்று தனித்தனியாகத்தான் சராசரி போடுகிறார்கள். பகுதி மூன்று என்பது உங்கள் கோர், எலெக்டிவ் எல்லாம். முதல் கோரில் 80, இரண்டாவது கோரில் 60, எலெக்டிவில் 90 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணை 10-ஆல் வகுத்து, கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 8.0 பெருக்கல் 5, 6.0 பெருக்கல் 5, 9.0 பெருக்கல் 3. கூட்டினால் 97, அதை 13-ஆல் வகுத்தால் 7.46. வெறும் சராசரி போட்டால் 7.67 வந்திருக்கும், எலெக்டிவில் வாங்கிய 90 அவ்வளவாகக் கை கொடுக்கவில்லை பாருங்கள். அந்த 60-ஐ 70 ஆக்கியிருந்தால் 0.38 ஏறும். எலெக்டிவில் 90-ஐ 100 ஆக்கினாலும் 0.23-தான். கணிதம் படிக்கிறவர், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: என் மகள் பிளஸ் டூ வரை தமிழ் படித்தவள். கல்லூரியில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம் என்று தோழிகள் சொல்கிறார்களாம். எடுக்கட்டுமா? பிறகு ஏதாவது சிக்கல் வருமா?
- தாய், தாம்பரம்

ப: பிரெஞ்சு மேல் உண்மையான ஆசை இருந்தால் தாராளமாக எடுக்கட்டும் அம்மா. மதிப்பெண்ணுக்காக என்றால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும், சேர்க்கை மேஜையில் அவசரத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

மேலே சொன்னதுபோல் மொழிப் பாடம் பகுதி ஒன்றில் வருகிறது. தனித்தனியாகச் சராசரி போடும் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சில் 95 வாங்கினாலும் பகுதி மூன்று ஒரு புள்ளிகூட நகராது. எம்.ஏ., எம்.எஸ்சி. சேர்க்கைக்குப் போகும்போது பெரும்பாலும் அந்தப் பகுதி மூன்றைத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலான படிப்புகளில் மொழிப் பாடம் நான்கு செமஸ்டர், செமஸ்டருக்கு 3 கிரெடிட், ஆக 140-ல் 12. அள்ளுவதற்கு அங்கே அவ்வளவு இல்லை.

அப்புறம், பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர்களுக்கு என்.எம்.இ. என்கிற வேற்றுத்துறைத் தாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு போய்விடும். பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்குப் போனவர்கள் அந்த இடத்தில் சிறப்புத் தமிழ் படிக்க வேண்டும், தமிழே படிக்காமல் வந்தவர்கள் அடிப்படைத் தமிழ் படிக்க வேண்டும். ஆக உங்கள் மகள் தமிழை விட்டு ஓடினாலும் இரண்டு செமஸ்டருக்குத் தமிழ் கூடவே வரும், அதற்கு விலையாக, பிடித்த வேறு துறைத் தாள் ஒன்றைப் படிக்கும் வாய்ப்பையும் கொடுத்திருப்பாள்.

மூன்றாவது, டி.என்.பி.எஸ்.சி. பற்றிய எண்ணம் வீட்டில் இருந்தால், அங்கே தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் வாங்கினால்தான் மற்ற விடைத்தாளையே திருத்துவார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வருடம் தமிழில் ஒரு பத்தி எழுதாமல் இருந்துவிட்டு அந்தத் தாளில் உட்கார்ந்தால் கை ஓடாது.

கே: பி.காம். முதலாண்டு. என்.எம்.இ. பட்டியலில் ஐந்தாறு பேப்பர் இருக்கிறது. வகுப்பே மொத்தமாக ஒரு பேப்பருக்குப் போகிறது, "அந்த மேடம் இன்டர்னல் அள்ளிப் போடுவாங்க" என்று. எனக்குக் கணினித் துறை பேப்பர் பிடித்திருக்கிறது, தனியாகப் போனால் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.
- மாணவர், கும்பகோணம்

ப: தம்பி, மூன்று வருடத்தில் நம் கலை அறிவியல் கல்லூரிகளில் மாணவர் தானாகத் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது மிகக் கொஞ்சம். விருப்பத் தேர்வு முறை என்று பெயர்தான் பெரிதாக இருக்கிறது, நடைமுறையில் எலெக்டிவைக்கூடத் துறையே முடிவுசெய்து "இந்த வருஷம் இதுதான்" என்று சொல்லிவிடுகிறது. ஆசிரியர் பணியிடம் நிரப்பாத இடத்தில் வேறு வழியும் இல்லை. கையில் உண்மையாக இருக்கும் ஒரே தேர்வு இந்த என்.எம்.இ., அதையும் கூட்டம் ஏறுகிற பஸ்ஸில் முண்டியடித்து ஏறுகிற மாதிரி கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்.

அள்ளிப் போடுவதைப் பற்றி: நம் முறையில் இன்டர்னல் 25, வெளித் தேர்வு 75. மேடம் 25-க்கு 24 போட்டாலும் வெளித் தேர்வில் தனியாக 40 சதவீதம் வாங்கினால்தான் பாஸ், அதாவது 75-க்கு 30. போன வருடம் அந்தப் பேப்பரை எடுத்தவர்கள் வெளித் தேர்வில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், இன்டர்னல் கதை மட்டும் சொல்லுகிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

கணினித் துறை பேப்பரை எடுப்பதற்கு முன்னால் அந்தத் துறைக்கு ஒரு நடை போய்வாருங்கள். சிலபஸ் தாளை வாங்கி ஐந்து யூனிட்டையும் படியுங்கள். முதல் யூனிட் பார்க்க எளிதாகத்தான் இருக்கும், எல்லாப் பேப்பரிலும் அப்படித்தான், நான்காவது ஐந்தாவது யூனிட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே எக்செல், டேலி மாதிரி ஏதாவது இருந்தால் பி.காம். படிக்கிற உங்களுக்கு அது வேலைக்குப் போகும் வரை உதவும். லேப் உண்டா, அல்லது கணினியையே தொடாமல் கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுவார்களா என்று கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் நானே வேண்டாம் என்பேன். தமிழில் தேர்வு எழுதலாமா என்பதும் முக்கியம், தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் இதைக் கேட்காமல் போய், கேள்வித்தாளைக் கையில் வாங்கிய அன்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு எந்த நேரத்தில் என்பதையும் பாருங்கள். சில கல்லூரிகளில் என்.எம்.இ. கடைசி மணியில் வரும், நீங்கள் ஊருக்குப் போகிற பஸ் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டால் வருகைப்பதிவு என்னாகும்?

தனியாகப் போவதில் பயப்பட எதுவும் இல்லை. அந்த வகுப்பில் வரலாறு, விலங்கியல், தமிழ் என்று எல்லாத் துறைப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களும் தனியாகத்தான் வந்திருப்பார்கள். இடம் குறைவு, முந்துகிறவர்களுக்குத்தான். சுற்றறிக்கை ஒட்டிய அன்றே பெயர் கொடுங்கள்.

கே: என் பையன் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ., 2021 ரெகுலேஷன். "தமிழர் மரபு" என்ற பாடத்துக்கு 1 கிரெடிட்தான், அதனால் அதைப் படிக்கத் தேவையில்லை, கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். மேலே சொல்கிற எடைக் கணக்குப்படி அவன் சொல்வது சரிதானே?
- தந்தை, நாமக்கல்

ப: சராசரிக்கு மட்டும் பார்த்தால் சரி ஐயா. அந்த முதல் செமஸ்டர் மொத்தம் 22 கிரெடிட். கணக்குப் பாடத்துக்கு 4, அதில் கிரேடு ஒரு படி ஏறினால் ஜி.பி.ஏ. 0.18 ஏறும். தமிழர் மரபில் ஒரு படி ஏறினால் 0.05-கூட முழுதாக வராது. எங்கே அதிக நேரம் போட வேண்டும் என்பதில் பையன் தெளிவாகவே இருக்கிறான்.

ஆனால் பாஸா ஃபெயிலா என்று வரும்போது எடை கிடையாது. 1 கிரெடிட் பாடத்தில் போனாலும் அரியர், 4 கிரெடிட் பாடத்தில் போனாலும் அரியர், மார்க் ஷீட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் நிற்கும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற நிறுவனங்கள் பல "நிலுவை அரியர் இருக்கக் கூடாது" என்று முதல் வரியிலேயே போடும், எத்தனை கிரெடிட் அரியர் என்று கேட்காது. அந்த ரெகுலேஷனில் டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு வேண்டுமென்றால் 8.50 சி.ஜி.பி.ஏ. மட்டும் போதாது, எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும். ஒரு கிரெடிட் பாடத்தில் சறுக்கினால் எட்டு செமஸ்டர் உழைப்பின் அந்த ஒரு வரி போய்விடும். இலக்கியம், சிற்பம், நாட்டுப்புறக் கலை, தமிழர் வாழ்வு என்று படிக்கச் சுகமான பாடம் அது, தமிழிலேயும் எழுதலாம். வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்குமேல் அரை மணி போட்டாலே போதும்.

சிலபஸில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே நாலு எண் வரிசையாக இருக்கும். விரிவுரை, டுட்டோரியல், செய்முறை, கடைசியில் கிரெடிட். கணக்குக்கு 3-1-0-4, தமிழர் மரபுக்கு 1-0-0-1, பைத்தான் லேபுக்கு 0-0-4-2. லேபுக்கு நாலு பீரியட் போய் 2 கிரெடிட் வருவதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் லேபை மட்டமாக நினைக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக எழுதினால் மதிப்பெண் கிடைக்கிற இடம் அதுதான், கிரேடு ஏற்றிக்கொள்வதும் அங்கேதான் சுலபம்.

தேர்ந்தெடுப்பது என்று பார்த்தால் முதல் வருடத்தில் உங்கள் பையனுக்கு எதுவுமே கிடையாது, எல்லாம் கொடுத்தபடி. அவன் துறையின் புரொஃபஷனல் எலெக்டிவ்கள் ஐந்தாவது செமஸ்டர் வாக்கில்தான் தொடங்கும். அப்போது கூடுதலாக 18 கிரெடிட் படித்து ஹானர்ஸோ (தன் துறையில் கூடுதல் தகுதி) மைனரோ (வேறு துறையில் துணைத் தகுதி) வாங்குகிற வழியும் உண்டு, அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஹானர்ஸ் கதவு திறக்காது. ஆக இப்போதைக்கு அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: எதிலும் போகாமல் இருப்பது.

கே: தூத்துக்குடியிலிருந்து டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறேன், பி.ஏ. ஹானர்ஸ் வரலாறு. டி.எஸ்.சி., ஜி.இ., எஸ்.இ.சி., வி.ஏ.சி., ஏ.இ.சி. என்று ஒரே எழுத்து மயம். ஃபார்ம் நிரப்ப இரண்டு நாள்தான் கொடுத்திருக்கிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- மாணவி, புதுடெல்லி

ப: நம் ஊரைவிட அங்கே தேர்வு செய்ய நிறைய இருக்கிறது, அதனால்தான் தலை சுற்றுகிறது. உங்கள் முதல் செமஸ்டர் 22 கிரெடிட். டி.எஸ்.சி. என்கிற வரலாற்றுப் பாடங்கள் மூன்று, தலா 4. அதில் தேர்வே இல்லை, விட்டுவிடுங்கள். வேறு துறையிலிருந்து எடுக்கும் ஜி.இ. ஒன்று, 4 கிரெடிட். மொழி அல்லது சுற்றுச்சூழல் என்று வரும் ஏ.இ.சி. 2, திறன் பாடமான எஸ்.இ.சி. 2, விழுமியப் பாடமான வி.ஏ.சி. 2. இரண்டு நாளில் ஒன்றரை நாளை ஜி.இ.க்குக் கொடுங்கள், மற்றதற்கெல்லாம் மீதி அரை நாள் போதும்.

ஏன் என்றால், ஒரே துறையில் ஏழு ஜி.இ., அதாவது 28 கிரெடிட் சேர்த்தால் அந்தத் துறையில் உங்களுக்கு மைனர் கிடைக்கும். வரலாறு மேஜர், பொருளாதாரம் மைனர் என்று பட்டத்தில் வருவதற்கும், ஏழு துறையில் ஒவ்வொன்று தொட்டுப் பார்த்ததற்கும் வேலைச் சந்தையிலும் எம்.ஏ. சேர்க்கையிலும் நிறைய வித்தியாசம் உண்டு. முதல் செமஸ்டரில் ஒன்று, இரண்டாவதில் வேறொன்று என்று மாறிக்கொண்டே போனால் பிறகு ஏழைச் சேர்ப்பது கஷ்டம். 

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சின்ன அட்டவணை இருக்கும், கிரெடிட், விரிவுரை, டுட்டோரியல், செய்முறை, அப்புறம் தகுதி, முன்தேவை என்று இரண்டு கட்டம். எல்லாரும் தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், நீங்கள் கடைசி இரண்டு கட்டத்தைப் பாருங்கள். பிளஸ் டூவில் கணக்கு படித்திருக்க வேண்டும் என்று அங்கே போட்டிருந்தால் ஃபார்மில் அந்தப் பேப்பரை டிக் செய்து பயனில்லை. அடுத்த செமஸ்டர் ஜி.இ.க்கு இந்த செமஸ்டர் தாள் முன்தேவையா என்பதும் அங்கேதான் தெரியும்.

எஸ்.இ.சி., வி.ஏ.சி.யில் பல்கலைக்கழகம் நீண்ட பட்டியல் போட்டிருந்தாலும் உங்கள் கல்லூரி அதில் சிலதைத்தான் நடத்தும். 2 கிரெடிட் என்று ஏமாந்துவிடாதீர்கள், அதில் செய்முறைக் கிரெடிட் இருந்தால் நேரம் இரட்டிப்பு. இரண்டு கிரெடிட்டும் செய்முறை என்றால் வாரம் 4 மணி நேரம், அதாவது உங்கள் 4 கிரெடிட் வரலாற்றுப் பாடம் அளவுக்கு நேரம் தின்னும். மொழிப் பாடத்துக்குத் தமிழ் உங்கள் கல்லூரியில் உண்டா என்று கேளுங்கள், சில கல்லூரிகளில் உண்டு, எந்த வகுப்பு வரை படித்தீர்கள் என்பதைப் பொறுத்து நிலை மாறும்.

நாலு வருடமும் இருக்க வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். மூன்று வருடம் 132 கிரெடிட்டோடு வெளியே வரலாம், நாலு வருடம் இருந்தால் 176.

கே: ஒரு பேப்பரில் மட்டும் வருகைப்பதிவு குறைவு, மொத்தமாகப் பார்த்தால் 80 சதவீதம் இருக்கிறது. தேர்வு எழுத விடுவார்களா?
- மாணவர், செய்யாறு

ப: 75 என்ற எல்லையைச் சில இடங்களில் மொத்தமாகப் பார்க்கிறார்கள், சில இடங்களில் பேப்பர் வாரியாக. உங்கள் ரெகுலேஷனில் 'ஒவ்வொரு பாடத்திலும்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்று, குறைவை மன்னிப்பதற்கான கன்டோனேஷன் கட்டணம் என்று வழி இருக்கும், ரொம்பக் குறைந்தால் ஹால் டிக்கெட்டே வராது. ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் கேட்காமல் இப்போதே துறைத்தலைவரைப் போய்ப் பாருங்கள். எந்தப் பேப்பர் என்று நீங்கள் எழுதவில்லை, காலை முதல் மணி பேப்பராகத்தான் இருக்கும் என்று என் ஊகம்.

கே: பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறேன். என்.பி.டி.இ.எல். கோர்ஸ் படித்தால் கல்லூரிப் பேப்பரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யூடியூபில் பார்த்தேன். முதல் செமஸ்டரிலேயே மூன்று கோர்ஸில் பதிந்துவிட்டேன்.
- மாணவர், கோவை

ப: மூன்றா! இரண்டை இன்றே விட்டுவிடுங்கள். பதிவதற்குக் காசு இல்லை, தேர்வுக்குத்தான் கட்டணம், ஆகவே நஷ்டம் எதுவும் இல்லை.

யூடியூபில் சொன்னது பொய் இல்லை, முழுசும் இல்லை. 12 வார கோர்ஸ் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. ஒரு படிப்பின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை, என்.பி.டி.இ.எல். கோர்ஸ்கள் வரும் ஸ்வயம் என்ற அரசு இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கல்லூரிகளை யு.ஜி.சி. அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்பதற்கும் உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்பதற்கும் நடுவில் ஒரு கல்விக் குழுவும் ஒரு துறைத்தலைவரும் இருக்கிறார்கள். எந்தக் கோர்ஸ் எந்தப் பேப்பருக்குப் பதிலாக என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்காமல் படித்தால் கையில் சான்றிதழ் இருக்கும், மார்க் ஷீட்டில் எதுவும் ஏறாது. ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பாஸ் ஆவதற்கும் இரண்டு தடை உண்டு. வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30, தனித்தனியாக எடுக்க வேண்டும். அசைன்மென்ட்டை டெலகிராம் குழுவில் பார்த்துப் போட்டு 25-க்கு 24 வாங்கியவர்கள் தேர்வு மையத்தில் 20 வாங்கிவிட்டு வருவது வருடாவருடம் நடக்கிறது. முதல் செமஸ்டரில் கல்லூரியின் வேகமே உங்களுக்குப் பிடிபட்டிருக்காது. ஆசைக்கு ஒன்று மட்டும், அதுவும் 4 வாரத்துது. மூன்றாவது செமஸ்டரில் துறையில் கேட்டுவிட்டுப் பெரியதாக எடுங்கள்.

கே: யாழ்ப்பாணத்தில் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். முதலாம் வருடத்தில் மூன்று பாடங்கள் தெரிவு செய்ய வேண்டும். எனக்குப் புவியியலில் சிறப்புப் பட்டம் செய்ய விருப்பம். மற்ற இரண்டையும் இலகுவான பாடங்களாக எடுத்தால் போதும்தானே?
- மாணவி, சாவகச்சேரி

ப: போதாது தங்கச்சி. உங்கள் நாட்டில் இரண்டாம் வருடத்தில் சிறப்புக் கற்கைக்கு எடுப்பது முதலாம் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான், புவியியலுக்கு இடம் மட்டுப்படுத்தப்பட்டது, போட்டி இருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் அடுத்துப் போகக் கூடிய பாடம் ஒன்று அந்த மூன்றுக்குள் இருக்க வேண்டும், இரண்டாவது பாடத்தை அப்படித் தெரிவு செய்யுங்கள், நான்கு வருடம் படிக்கச் சொன்னாலும் படிப்பேன் என்று தோன்றுகிற ஒன்றாக. மூன்றாவதை வேண்டுமானால் இலகுவாக எடுங்கள்.

கணக்கும் எங்களுடையதிலிருந்து வேறு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 1 கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல், வருடத்துக்கு 30 கிரெடிட், மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருட சிறப்புப் பட்டத்துக்கு 120. எங்கள் பிள்ளைகள் 40 கிரெடிட் என்றதும் உங்களுக்குக் குறைவு என்று நினைக்க வேண்டாம், மணி நேரமாக மாற்றினால் உங்களுடையது வருடத்துக்கு 1500, எங்களுடையது 1200. புள்ளிச் சராசரி 4-க்கு. முதல் வகுப்புக்கு 3.70 வேண்டும், அதாவது சராசரியில் ஏ மைனஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. 'இலகு' என்று எடுத்த பாடத்தில் ஒரு பி வந்தால் அது 3.00, அதை மேலே இழுக்க வேறு இடங்களில் ஏ தேவைப்படும். இலகுவான பாடம் என்று பெயர் வாங்கியவற்றில் ஏ போடுவது இலகுவா என்று மேல் வருட அக்காமாரிடம் கேளுங்கள். பாஸ் பண்ணுவது இலகு என்பதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள்.

கே: கல்லூரியில் ஏ.பி.சி. ஐ.டி. எடுத்து வரச் சொல்கிறார்கள். எதற்கு? எடுக்கவில்லை என்றால் என்ன?
- மாணவி, தர்மபுரி

ப: நீங்கள் வாங்கும் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண் அது, 2021-ல் யு.ஜி.சி. கொண்டுவந்தது. வேறு கல்லூரிக்கு மாறினாலோ, நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாலோ, ஏற்கெனவே வாங்கிய கிரெடிட்டைக் காட்ட உதவும். சேர்த்துவைத்த கிரெடிட்டுக்கு அதிகபட்சம் 7 வருடம் ஆயுள். நடைமுறையில் கல்லூரி மாறுவது இன்னும் சுலபமாகிவிடவில்லை, அந்தக் கல்லூரியில் இடம் இருக்க வேண்டும், சிலபஸ் ஒத்துப்போக வேண்டும். ஆனாலும் ஐ.டி. இல்லாமல் தேர்வு விண்ணப்பத்தையே நிரப்ப விடாத இடங்கள் இருக்கின்றன, ஆகவே எடுத்துவிடுங்கள். டிஜிலாக்கர் வழியாகப் போனால் காசு கிடையாது.

நம் ஊரில் இதில் வருகிற சிக்கல் பெயர்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், சிலருக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுசாக ஒட்டியிருக்கும், கல்லூரிப் பதிவேட்டில் இனிஷியலே இருக்காது. மூன்றும் மூன்று ஆளாகத் தெரிந்தால் கிரெடிட் ஏறாமல் தொங்கும். முதலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள், பிறகு ஐ.டி. எடுங்கள், பிறகு கல்லூரி அலுவலகத்தில் அதே எழுத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கிளார்க்கிடம் கேட்டுக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் செமஸ்டர் தேர்வு விண்ணப்பம் வருவதற்குள் இதை முடித்துவிடுங்கள், அந்த வாரம் அலுவலக ஜன்னலில் நிற்க இடம் இருக்காது.